இருதயமும் நடைபாதையும்

1772-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரத்து வைத்தியரான வில்லியம் ஹெபர்டன், அதுவரை வைத்திய நூல்களில் திட்டமான இலக்கணம் பெறாதிருந்த ஒருவகை நெஞ்சுவலியை வர்ணித்து வெளியிட்ட கட்டுரையில், அந்த வலி நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உண்ட சிறிது நேரத்தில் நடக்கும்போதும் தோன்றி, நின்ற மாத்திரத்தில் மறைந்துவிடுவதைக் குறித்துச் சொன்னார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகளில், அந்நோய் கண்ட ஒருவர் நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்கொரு நியமமாக வகுத்துக்கொண்டு ஏறக்குறையக் குணமடைந்துவிட்டார் என்ற செய்தியும் இருக்கிறது. நோய் உழைப்பில் வெளிப்படுகிறது. உழைப்பினாலேயே தணியவும் செய்கிறது. இந்த இரண்டு உண்மைகளில் முதலாவதை உடனே பற்றிக்கொண்ட வைத்திய உலகம், இரண்டாவதை ஒப்புக்கொள்வதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில், பெரும்பாலும் ஆறு வாரம் வரையில், படுக்கையை விட்டு அசையவொட்டாமல் வைத்திருப்பதே உத்தம சிகிச்சை என்று கருதப்பட்டது. காயம்பட்ட இருதயத்துக்கு ஓய்வு வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த அந்தச் சிகிச்சையினால், அசைவற்றுக் கிடந்த கால்களின் நாளங்களில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்கு ஏறி, மாரடைப்புக்குத் தப்பிய எத்தனையோ பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. 1952-இல் பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் லெவைன் என்ற மூத்த வைத்தியரும் பெர்னார்டு லவுன் என்ற இளைய வைத்தியரும் நோயாளிகளை ஆரம்ப தினங்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, அதனால் தீங்கு விளையவில்லை என்று காட்டியது அந்நாளில் பெருந்துணிச்சல். மூன்றாண்டு கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் மாரடைப்புற்றபோது, அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட பால் டட்லி ஒயிட் என்ற இருதய நிபுணர், நடையிலும் சைக்கிளிலும் அசையாத நம்பிக்கை கொண்டவராக இருந்தார். நோயின் நிலையை நாடறிய விளக்கிச் சொன்ன அவருடைய பராமரிப்பில் தேறிய ஐசனோவர், மறு ஆண்டே மீண்டும் தேர்தலில் நின்று வென்றதைக் கண்ட பிறகுதான், மாரடைப்பு வந்தவரின் வாழ்வு அத்துடன் முடிந்தது என்ற எண்ணம் சாமானிய ஜனங்களின் மனத்திலும் தளர ஆரம்பித்தது.

ஆயினும், சரீர உழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை எண்ணிக் கணக்கிட்டு நிலைநாட்டிய ஆராய்ச்சி, ஜனாதிபதிகளிடமிருந்து வெகுதூரத்தில், லண்டன் நகரத்து மாடி பஸ்களில் நடந்தது. ஜெரி மாரிஸ் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் அந்நகரத்துப் போக்குவரத்துத் தொழிலாளிகள் சுமார் 31,000 பேருடைய ஆரோக்கியக் குறிப்புகளை ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ பத்திரிகையில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே பஸ்ஸில், ஒரே வேளையில், ஏறக்குறைய ஒரேவிதமான குடும்ப நிலையோடு வேலை செய்த இரண்டு மனிதரில், டிரைவர் தம் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை உட்கார்ந்தே கழித்தார். கண்டக்டரோ, டிக்கெட் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதிலே வந்தது. திடீர் மரணமாக முடிவதும் அவர்களிடையே குறைவாக இருந்தது. தெருத் தெருவாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொண்டுசென்ற தபால்காரர்களையும், அதே இலாகாவில் மேஜைக்கு முன் அமர்ந்திருந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் இதே வேற்றுமை புலப்பட்டது.

இந்த இடத்தில் மாரிஸின் நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. டிரைவர் வேலைக்கு வந்தவர்கள் ஆதியிலேயே பருமனான தேகம் உடையவர்களாக இருந்திருக்கலாமே, அப்படியானால் படிகளின் பெருமை என்னாவது என்ற ஆட்சேபம் எழுந்தபோது, அதை வாதத்தால் ஒதுக்கிவிடாமல், போக்குவரத்து ஸ்தாபனம் தன் தொழிலாளிகளுக்குத் தைத்துக்கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, கால்சட்டைகளின் இடுப்பளவை ஆராய்ந்து 1956-இல் அதையும் வெளியிட்டார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருத்தவர் என்று பிரித்து வைத்துப் பார்த்தாலும் திடீர் மரணத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இடையே இருந்த வித்தியாசம் மறையவில்லை. சிறுவயதில் தம் தந்தை வாரந்தோறும் நான்கு மைல் நடைக்கு அழைத்துப்போவார் என்றும், ஒரு மணிக்குள் நடந்து முடித்தால் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்றும் முதுமையில் நினைவுகூர்ந்த மாரிஸ், 2009-இல் தமது 99-ஆம் வயதில் காலமானார்.

அந்தக் கண்டக்டர்களில் எவரும் தேகாப்பியாசம் செய்வதாக எண்ணி அந்தப் படிகளை ஏறவில்லை என்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அவர்கள் விடியற்காலையில் எழவேண்டும் என்று சங்கல்பம் செய்துகொள்ளவில்லை, விலையுயர்ந்த காலணி வாங்கவில்லை, மனவுறுதியை நம்பியிருக்கவில்லை. அவர்களுடைய தினசரி வாழ்க்கையின் அமைப்பே அவர்களை ஏறவும் இறங்கவும் வைத்தது. அமைப்பு மாறாதிருந்த வரையில் அந்தப் பாதுகாப்பும் மாறாதிருந்தது. நம்முடைய நாட்டிலோ, நடை என்றால் அது ஒரு தனிமனிதருடைய ஒழுக்கம் என்றும், நடக்காதவர் சோம்பேறி என்றும் பேசிப் பழகிவிட்டோம். வைத்தியர் ‘தினமும் அரை மணி வாக்கிங் போங்கள்’ என்று மருந்துச் சீட்டின் அடியில் எழுதித் தருகிறார். நோயாளி வீட்டு வாசலுக்கு வந்து தெருவைப் பார்க்கிறார். அங்கே கால் வைக்க இடமில்லை. இது அவருடைய சரீரத்தின் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது.

தெருவைப் பற்றிப் பேசுமுன், அந்த அரை மணி நேரத்தில் உடம்புக்குள் நிகழ்வதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அதன் அருமை தெரிந்தால்தான், நாம் கேட்கும் நடைபாதை அலங்காரத்துக்காக அல்லவென்பது விளங்கும். வளர்ந்த மனிதருடைய இருதயம் சுமார் 300 கிராம் எடையுள்ள ஒரு தசை; ஓய்வில் இருக்கும்போதே நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் அளவுக்கு ரத்தத்தை வெளியே தள்ளி, நாளொன்றுக்கு லட்சம் தடவை துடிப்பது. அது தள்ளிய ரத்தம் பாதம் வரை போவது எளிது; பாதத்திலிருந்து பூமியின் ஈர்ப்பை எதிர்த்து மேலே திரும்புவதுதான் சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்வது கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது இறுகி, தனக்குள் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு கதவுகள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே செல்லவிட்டுக் கீழே இறங்காமல் மூடிக்கொள்கின்றன. பல மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குக் கணுக்கால் வீங்குவதன் காரணமும் இந்தத் தசை தன் வேலையை நிறுத்திவிட்டதுதான்.

நடையினால் ரத்த ஓட்டம் விரைவு பெறும்போது, ரத்தக் குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய படலத்தின் மீது அந்த ஓட்டம் உராய, அப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சிறிதளவு சுரக்கிறது. அதனால் குழாயின் சுவர் தளர்ந்து விரிகிறது. ரத்த அழுத்தம் தணிகிறது. அந்த வாயு உடம்புக்குள் ஒரு தூதனைப்போல் வேலை செய்வதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உழைக்கும் தசையோ, இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமல் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் மெதுவாக நடப்பவருக்குச் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படுவது இதனால்தான். மாதக்கணக்கில் நடையை விடாமல் பழகியவருக்கு, ஓய்விலிருக்கும்போது இருதயத்தின் துடிப்பே குறைகிறது. நிமிஷத்துக்கு 72 துடித்த இருதயம் 66 துடித்தால் போதும் என்ற நிலை அடைந்தால், நாளொன்றுக்கு 8,640 துடிப்புகள் அதற்கு மிச்சமாகின்றன.

எவ்வளவு நடக்கவேண்டும் என்ற கேள்விக்கு, ‘பத்தாயிரம் அடி’ என்று இன்று கைக்கடிகாரம் கட்டிய ஒவ்வொருவரும் பதில் சொல்கிறார்கள். அந்த எண் வைத்திய ஆராய்ச்சியில் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறுவருஷம், 1965-இல், ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று தன் அடி எண்ணும் கருவியை விற்பதற்காக அதற்குச் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனபின் கூடுதல் நன்மை பெரிதாகத் தென்படவில்லை. ஆகவே, பத்தாயிரம் எட்டவில்லையே என்று மனம் சோர்ந்து நடையையே கைவிட்ட பெரியவர்கள் அந்த எண்ணை மறந்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. மிதம் என்பதை அளக்கக் கருவி வேண்டியதில்லை; கூட வருபவரோடு பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும்.

இதையெல்லாம் நாம் மற்ற நாட்டாரைவிடக் கவலையோடு கேட்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியின் விவரங்களைப் பின்னர் தனியே பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு தென்னாசிய மக்களுக்குச் சராசரியாக 53 வயதிலும், ஏனையோருக்கு ஏறக்குறைய 59 வயதிலும் வருவதாகத் தெரிந்தது. ஆறு வருஷம் என்பது குடும்பக் கணக்கில் சாமானியமான அவகாசமன்று. மகளின் கல்யாணமும், மகனின் படிப்பும், வீட்டுக்கடனின் கடைசித் தவணையும் பெரும்பாலான வீடுகளில் அந்த ஆறு வருஷத்துக்குள்தான் அடங்கியிருக்கின்றன. புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பின் சுற்றளவு, மனக்கவலை ஆகிய பலவும் அந்த ஆராய்ச்சியில் காரணங்களாகக் கண்டன. அவற்றில் நான்கைந்தை ஒரே சமயத்தில் தொடக்கூடியதாகவும், செலவு இல்லாததாகவும் இருப்பது நடை.

எனில், தமிழ்நாட்டு நகரவாசி எங்கே நடப்பார்? பகலில் கத்திரி வெயில் இடம் கொடாது. விடியற்காலையில் தெருவிளக்கு அணைந்த சந்தில் நாய்கள் துரத்தும். நடைபாதை என்று பெயருள்ள இடத்தில் டிரான்ஸ்பார்மரும், மின்சாரப் பெட்டியும், கடைக்காரரின் படிக்கட்டும், வரிசையாக நிறுத்திய ஸ்கூட்டர்களும் இருக்கின்றன. மிஞ்சிய இடத்தில் மழைநீர் வடிகாலின் மூடி பெயர்ந்து கிடக்கிறது. வசிப்பிடத் தெருக்களில்கூட நடைபாதை தடையின்றி 1.8 மீட்டர் அகலமும், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரமும் கொண்டிருக்கவேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் விதித்திருக்கிறது. முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டியை நம் ஊர் நடைபாதை எதிலாவது ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தால், அந்த விதி காகிதத்தோடு நின்றுவிட்டது விளங்கும்.

தெருவோர வியாபாரிகளைத் துரத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. விளக்கேற்றி வைத்துக்கொண்டு பூவும் கீரையும் விற்கும் பெண்மணி அமர்ந்திருக்கும் தெருவில்தான் இரவு எட்டு மணிக்கு மற்றொரு பெண்மணி பயமின்றி நடக்க முடிகிறது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்த வியாபாரிக்கு இடம் ஒதுக்கித் தரச் சொல்கிறது. இடத்தைப் பெரும்பங்கு விழுங்குவது நிறுத்தி வைத்த வாகனம். அதற்கு வாடகையும் இல்லை, தடையும் இல்லை.

நல்ல முயற்சிகள் நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். சென்னை மாநகராட்சி 2014-இலேயே பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையொன்றை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் வாகனங்களின் இடத்தைச் சுருக்கி விசாலமான நடைபாதை அமைத்தபோது, குழந்தைகளும் முதியவர்களும் மாலை நேரத்தில் அங்கே குழுமியது, இடம் கொடுத்தால் ஜனங்கள் நடப்பார்கள் என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணமாயிற்று. 2023 நவம்பரில் அரசாங்கம் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுக்கத் தொடங்கியதும் பாராட்டத்தக்கதே. ஆனால் அந்தப் பாதைக்கு வீட்டிலிருந்து வண்டியில் போய், நடந்து முடித்து, வண்டியில் திரும்பவேண்டியிருந்தால், அது ஓய்வும் வண்டியும் உள்ளவருக்கு மட்டுமே உரிய வசதியாக நின்றுவிடும். கட்டட வேலைக்குப் போகிறவரும், வீட்டு வேலைக்குப் போகிறவரும், இரவுப் பணி முடித்து வரும் காவலாளியும் நடக்கவேண்டிய நடை, அவர்கள் அன்றாடம் போகும் வழியிலேயே அமையவேண்டும். மாரிஸின் கண்டக்டர்கள் கற்பித்த பாடம் இதுவே. பஸ்ஸுக்காக நடப்பவர் போகவர இரண்டு வேளை நடந்தாகவேண்டும்; ஆகையால் நல்ல பஸ் போக்குவரத்தும், நிறுத்தம் வரை நல்ல நடைபாதையும் சேர்ந்ததே ஒரு நகரத்தின் இருதய சிகிச்சைத் திட்டம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளின் கொடுமையைக் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2025 மே மாதம் பிறந்த உத்தரவொன்றில், சரியான நிலையிலுள்ள நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் அறிவித்தது. விபத்தில் நசுங்கும் எலும்பை முன்னிட்டுப் பிறந்த அந்த உத்தரவு, நடக்க வழியின்றி வீட்டுக்குள் அடைபட்டுத் தேயும் இருதயத்துக்கும் பொருந்தும்.

பெண்களின் விஷயத்தைத் தனியே சொல்லியாகவேண்டும். ‘நாள் முழுவதும் வீட்டில் வேலைதானே செய்கிறேன், எனக்கு நடை எதற்கு’ என்று சொல்லும் தாய்மார்களை ஒவ்வொரு குடும்பத்திலும் காணலாம். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது களைப்பைத் தருகிறது; மூச்சு வாங்க வைக்கும் தொடர்ச்சியான அசைவை அது தருவதில்லை. அவர்களுக்கு அரை மணி நேரம் தனியாகக் கிடைக்கவேண்டுமானால், அந்நேரத்தில் காபி கலப்பதும் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்செய்வதும் வீட்டிலுள்ள ஆண்மக்களின் பொறுப்பாக மாறவேண்டும்.

நடக்கத் தொடங்குவோருக்கு எச்சரிக்கையும் அவசியம். நடக்கும்போது நெஞ்சின் நடுவே அழுத்துவதும், நின்றால் விடுவதும், ஹெபர்டன் கண்ட அதே நோயின் அறிகுறி. அதைப் பொருட்படுத்தாமல் நடையை நீட்டாமல், முதலில் வைத்தியரைப் பார்க்கவேண்டும். நின்றும் விடாத வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவினாலும், குளிர்ந்த வியர்வை பெருகினாலும், வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு காத்திராமல் உடனே 108-ஐ அழைக்கவேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தோன்றாமல் மூச்சுத் திணறலும் மிகுந்த அயர்ச்சியும் மட்டுமே இருக்கக்கூடும். சர்க்கரையினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கலாகாது. திரும்பி வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நகரசபைத் தேர்தல்களில் குடிநீர், சாக்கடை, குப்பை ஆகியவற்றைக் கேட்டு வாங்கப் பழகிய நாம், நடைபாதையையும் அந்த வரிசையில் வைத்துக் கேட்கத் தொடங்கவேண்டும். ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் போதும்: பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, ரேஷன் கடையைத் தொட்டு, பஸ் நிறுத்தம் வரையில், 1.8 மீட்டர் அகலத்தில், மூடி பெயராத வடிகாலோடும், விடியும்வரை எரியும் விளக்கோடும், களைத்தவர் உட்கார இரண்டு மூன்று கல் பெஞ்சுகளோடும், பூவரசோ புங்கமோ நிழல் தரும் வழி. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் முன்னிலையில் அந்த ஒரு கிலோமீட்டர் எது என்று குறித்துக் கொடுப்போம்; அதற்குரிய தொகை இவ்வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.